அமெரிக்க கிரீன் கார்டும் காத்திருப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகச் சாப்பாட்டு மேசை, உறவினர் வீட்டு விசேஷம், நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் செய்தி என்று எங்கு திரும்பினாலும் என்னிடம் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். இந்த வரிசையில் பல வருடங்கள் நின்றவன், அவ்வளவுதான். முன்பு விசா நிராகரிக்கப்பட்டவர்கள், அனுமதிக் காலம் முடிந்த பிறகும் தங்கியவர்கள், குற்ற வழக்கு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் செல்ல வேண்டும். கீழே வரும் விசா புல்லட்டின் (வரிசையில் யாருடைய முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் அறிக்கை) தேதிகள், வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில், 2025 அக்டோபர் மாதத்துக்கு உரியவை.

1. கிரீன் கார்டு வாங்க எத்தனை வழி இருக்கிறது?

நம்மவர்கள் பெரும்பாலும் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று வேலை வழி. இதில் ஈபி-1 (தனித்திறனாளர், பன்னாட்டு நிறுவன மேலாளர் போன்றோர்), ஈபி-2 (முதுநிலைப் பட்டம் போன்ற உயர்தகுதி), ஈபி-3 (இளநிலைப் பட்டம் அல்லது தொழில்திறன்) ஆகிய மூன்று பிரிவுகளே நமக்கு முக்கியம். (ஈபி என்றதும் மின்சார வாரியம் நினைவுக்கு வந்தால் அது உங்கள் பிழையன்று.) மற்றொன்று குடும்ப வழி. இதிலும் இரண்டு வகை உண்டு. அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் நெருங்கிய உறவினர்கள். இவர்களுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மற்ற உறவுகள் எஃப்-1 முதல் எஃப்-4 வரையிலான பிரிவுகளில் அடங்கி, வரிசையில் காத்திருக்க வேண்டும்.

2. பிரயாரிட்டி டேட், பிரயாரிட்டி டேட் என்கிறார்களே, அது என்ன தேதி?

வரிசையில் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட டோக்கனின் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை வழியில் பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்று தேவைப்பட்டால், நிறுவனம் அந்த விண்ணப்பத்தைத் தொழிலாளர் துறையில் தாக்கல் செய்த நாளே உங்கள் தேதி. பெர்ம் தேவைப்படாத ஈபி-1 போன்றவற்றில் ஐ-140 என்ற வேலைவழி மனு தாக்கலான நாள். குடும்ப வழியில் உறவினர் உங்களுக்காகப் போடும் ஐ-130 மனு தாக்கலான நாள். ஐ-140 அல்லது ஐ-130 அங்கீகாரக் கடிதத்தில் இந்தத் தேதி தனிக் கட்டத்தில் அச்சாகியிருக்கும்.

நிறுவனம் "உங்கள் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கிவிட்டோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிய நாள் இதில் சேராது. பெர்ம் தாக்கலுக்கு முன்பு நிலவும் ஊதியத்தை அரசிடம் உறுதிசெய்ய வேண்டும், வேலைக்கு விளம்பரம் கொடுக்க வேண்டும். இவற்றுக்கே பல மாதங்கள் ஆகும். அத்தனை மாதங்களும் உங்களிடம் டோக்கன் இல்லை. வேலையில் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி "கிரீன் கார்டு செய்வீர்களா" என்பதன்று. "சேர்ந்த எத்தனை மாதத்தில் பெர்ம் தாக்கல் செய்வீர்கள்" என்பதுதான்.

3. ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டது. இன்னும் ஏன் கார்டு வரவில்லை?

எனக்கு வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். இங்கே காத்திருப்பு இரண்டு. முதலாவது, நீங்கள் கொடுத்த ஒரு மனுவை அதிகாரி எடுத்துப் படித்து முடிவு சொல்லும் வரையிலான பரிசீலனைக் காலம். இரண்டாவது, உங்கள் பிரிவில், உங்கள் நாட்டுக்கு உரிய எண்ணிக்கையில், உங்கள் தேதிக்கு ஒரு விசா எண் கிடைக்கும் வரையிலான வரிசைக் காலம். ஐ-140 அங்கீகாரம் என்பது நீங்கள் அந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ளவர் என்ற ஒப்புதல் மட்டுமே. வரிசையில் உங்கள் முறை வந்த பிறகே ஐ-485 என்ற இறுதி விண்ணப்பம் முடிவாகும்.

முதல் காத்திருப்பைப் பணமும் நல்ல வழக்கறிஞரும் கொஞ்சம் குறைக்க முடியும். இரண்டாவதைப் பெரும்பாலும் யாராலும் அசைக்க முடியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்வரும் பல பதில்கள் இதையே சார்ந்திருக்கின்றன.

4. என்னோடு வேலை பார்க்கும் பிரேசில்காரருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் ஏன் இல்லை?

சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 1,40,000 வேலைவழி விசா எண்களும், 2,26,000 குடும்பவழி எண்களும் உண்டு. எந்தத் தனி நாட்டுக்கும் இந்த மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. ஈபி-1, ஈபி-2, ஈபி-3 ஒவ்வொன்றுக்கும் தலா 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,040. அதில் 7 சதவீதம் என்றால் ஒரு பிரிவில் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,800 எண்கள். இந்த எண்ணிக்கையில் மனைவியும் பிள்ளைகளும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பம் நான்கு எண்களை எடுத்துக்கொள்கிறது.

பிற நாட்டவர்கள் பயன்படுத்தாத எண்கள் அதே பிரிவில் மிஞ்சினால், நாட்டு வரம்பைப் பார்க்காமல் பழைய தேதிக்காரர்களுக்குப் போகும். இந்திய வரிசை அவ்வப்போது வேகம் எடுப்பதற்குக் காரணம் இதுதான். கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் வீணான குடும்பவழி எண்கள் மறு ஆண்டு வேலைவழிக்கு வந்தன. 2021 நிதியாண்டில் வேலைவழி வரம்பு சுமார் 2,62,000 ஆகவும், 2022இல் சுமார் 2,81,000 ஆகவும் உயர்ந்தது. அது அடிக்கடி நடக்கும் காரியமன்று. 2025 அக்டோபர் நிலவரப்படி ஈபி-2 பிரிவில் இந்தியாவுக்கான தேதி 2013 ஏப்ரல் 1, அதாவது அதற்கு முந்தைய டோக்கன்காரர்களுக்கே முறை வந்திருந்தது. தனி வரிசை இல்லாத பிற நாடுகளுக்கு 2023 டிசம்பர் 1. இடைவெளி பத்து வருடங்களுக்கும் மேல்.

5. விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் இந்த அறிக்கையில் 2015 அக்டோபர் முதல் இரண்டு அட்டவணைகள் உள்ளன. முதலாவது இறுதி நடவடிக்கைத் தேதி: உங்கள் தேதி இதற்கு முந்தையதாக இருந்தால் கார்டே வழங்கப்படலாம். இரண்டாவது தாக்கல் தேதி: இது பெரும்பாலும் சற்றுப் பிந்தைய தேதியாக இருக்கும், ஐ-485 விண்ணப்பத்தை உள்ளே போட மட்டும் உதவும். அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் எந்த அட்டவணையைப் பயன்படுத்தலாம் என்பதை யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றச் சேவைத் துறை ஒவ்வொரு மாதமும் தனியே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைப் பார்க்காமல் புல்லட்டினை மட்டும் பார்த்து மகிழ்ந்து, மருத்துவப் பரிசோதனைக்கும் பணம் கட்டிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

அட்டவணையில் "சி" என்றிருந்தால் வரிசையே இல்லை. "யு" என்றிருந்தால் அந்த மாதம் எண்கள் வழங்கப்படா.

6. போன மாதம் வந்த தேதி இந்த மாதம் பின்னால் போய்விட்டது. இது எப்படி நியாயம்?

நியாயம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு இருக்கிறது. நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடிகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் விண்ணப்பித்து எண்கள் தீரும் நிலை வந்தால் தேதியைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இது சாதாரணம். ஐ-485 ஏற்கெனவே உள்ளே இருந்தால் அது தள்ளுபடி ஆகாது. தேதி மறுபடி முன்னேறும் வரை நிறுத்தி வைக்கப்படும். அதன் அடிப்படையில் பெற்ற வேலை அனுமதியும் பயண அனுமதியும் தொடரும்.

இதன் உச்சக்கட்டம் 2007 ஜூலை. ஏறக்குறைய எல்லா வேலைப் பிரிவுகளுக்கும் வரிசை இல்லை என்று அறிவித்த அரசு, ஜூலை 2ஆம் தேதி எண்கள் தீர்ந்துவிட்டன என்று கதவைச் சாத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூலை 17ஆம் தேதி முடிவை மாற்றி, ஆகஸ்டு 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது. அந்த ஒரு மாதத்தில் உள்ளே போட்டவர்களில் பலர் கார்டுக்கு மேலும் பல வருடங்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் வேலை மாறும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. தாக்கல் தேதி திறக்கும் மாதத்தில் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

7. பிரீமியம் கட்டினால் சீக்கிரம் கிடைக்குமா?

ஐ-140க்குக் கிடைக்கும், கார்டுக்குக் கிடைக்காது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் பெரும்பாலான ஐ-140 மனுக்களுக்கு 15 வேலை நாட்களில் பதில் வரும். பதில் என்பது அங்கீகாரமாகவும் இருக்கலாம், கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். கேள்வி 3இல் சொன்ன முதல் காத்திருப்பை மட்டுமே இது சுருக்கும். எச்-1பி என்ற வேலை விசாவின் ஆறு வருட வரம்பு முடியப் போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே தேவை: ஐ-140 அங்கீகரிக்கப்பட்டு, தேதி மட்டும் வராமல் இருந்தால் மூன்று வருடங்களுக்கு நீட்டிப்புக் கேட்கலாம். மற்றவர்கள் கட்டும் முன் கேள்வி 12ஐயும் படித்துவிடுங்கள். பணம் கட்டியதே பாதகமாகும் ஓர் இடம் அங்கே இருக்கிறது.

8. வேலை மாறினால் இத்தனை வருடம் நின்றது வீணாகிவிடுமா?

எந்தக் கட்டத்தில் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெர்ம் மட்டும் முடிந்து ஐ-140 அங்கீகாரம் ஆகாத நிலையில் போனால் தேதி கையில் தங்காது. ஐ-140 அங்கீகாரம் ஆன பிறகு போனால், புதிய நிறுவனம் பெர்மையும் ஐ-140ஐயும் புதிதாகச் செய்ய வேண்டும். ஆனால் பழைய தேதி உங்களோடு வரும். மோசடி, அங்கீகாரத்தில் அரசே கண்டுபிடித்த முக்கியப் பிழை போன்ற காரணங்களால் ரத்தானால் மட்டுமே தேதி போகும்.

அங்கீகாரம் கிடைத்து 180 நாட்கள் ஆன பிறகு பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும், 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அந்தக் காரணத்துக்காக மட்டும் அங்கீகாரம் ரத்தாகாது. எச்-1பி நீட்டிப்புக்கும் அது உதவும். ஐ-485 தாக்கலாகி 180 நாட்கள் கடந்திருந்தால் இன்னும் வசதி: அதே அல்லது அதை ஒத்த பணியாக இருந்தால் பெர்மை மறுபடி செய்யாமலே மாறலாம், ஐ-485 படிவத்தின் ஜே இணைப்பைப் புதிய நிறுவனத்திடம் நிரப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஐ-140 அங்கீகாரக் கடிதத்தின் நகலை நிறுவனம் தரமாட்டேன் என்கிறது என்பது இதன் கிளைக் கேள்வி. மனுதாரர் நிறுவனம்தான் என்பதால் கடிதமும் அதற்கே வருகிறது. நகல் தராவிட்டாலும் அதன் ரசீது எண்ணையாவது கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வழக்கறிஞருக்கு அந்தப் பதின்மூன்று எழுத்துகள் போதுமான தொடக்கம்.

9. லேஆஃப் ஆகிவிட்டது. எத்தனை நாள் இருக்கலாம்?

எச்-1பியில் இருப்பவருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாட்கள், அல்லது ஐ-94 (எதுவரை தங்கலாம் என்பதைக் காட்டும் நுழைவுப் பதிவு) காலாவதியாகும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை. அதற்குள் புதிய நிறுவனம் எச்-1பி மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். கிளம்பினாலும் வரிசையில் உங்கள் தேதி கேள்வி 8இல் சொன்னபடி அப்படியே இருக்கும். இந்தியாவிலிருந்துகொண்டே பின்னாளில் அதைப் பயன்படுத்தலாம்.

10. ஈபி-3 வேகமாக நகர்கிறதாமே, மாறிவிடலாமா?

மாறலாம். பெரும்பாலும் அதே பெர்மை வைத்தே ஈபி-3 பிரிவில் இன்னொரு ஐ-140 போடலாம். பழைய ஈபி-2 அங்கீகாரமும் அப்படியே இருக்கும். ஆனால் கூட்டம் மாறினால் வேகமும் மாறும். 2020 அக்டோபரில் ஈபி-3 தாக்கல் தேதி பாய்ந்து முன்னேறியபோது ஆயிரக்கணக்கானோர் அங்கே தாவினார்கள்; பிறகு ஈபி-2 முந்திக்கொண்டபோது அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். 2025 அக்டோபரில் இந்திய ஈபி-3 2013 ஆகஸ்டு 22இல் இருந்தது, அதாவது ஈபி-2ஐவிட ஐந்து மாதத்துக்கும் குறைவான வேறுபாடு. அந்த இடைவெளிக்குள் உங்கள் தேதி விழாவிட்டால் வழக்கறிஞர் கட்டணம்தான் மிச்சம்.

11. நான் மதுரையில் பிறந்தேன், மனைவி சிங்கப்பூரில் பிறந்தவள். இதனால் பயன் உண்டா?

பெரும் பயன் உண்டு. இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் நின்றவர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டுக் கணக்கில் நீங்கள் வருகிறீர்கள் என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை. பிறந்த இடம் தீர்மானிக்கிறது. கணவனும் மனைவியும் ஒருவர் மற்றவரின் பிறந்த நாட்டுக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மனைவி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், இருவரும் அந்த நாட்டின் கணக்கில் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். கேள்வி 4இன் இடைவெளியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பிள்ளையின் பிறந்த இடம் பெற்றோருக்கு உதவாது. அமெரிக்காவில் பிறந்த குழந்தையும் 21 வயதாகும் வரை உங்களுக்காக மனுப்போட முடியாது. நீங்கள் குவைத்தில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்திருந்தாலும் குவைத் கணக்குதான். எனவே வழக்கறிஞரின் படிவத்தில் "பிறந்த ஊர்" என்ற இடத்தில் சொந்த ஊரை எழுதிவிடாதீர்கள்.

12. மகளுக்கு 19 வயது முடியப் போகிறது. 21 ஆனால் அவளை விட்டுவிடுவார்களா?

விட்டுவிடக்கூடும் என்பதால்தான் 2002இல் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-140 அல்லது ஐ-130 மனு பரிசீலனையில் இருந்த காலத்தைக் கழிக்கிறார்கள். கழித்து வரும் வயது 21க்குக் கீழே இருந்து, பிள்ளை மணமாகாமலும் இருந்து, ஒரு வருடத்துக்குள் விண்ணப்பத்தையும் போட்டால் குழந்தையாகவே கருதப்படும். எடுத்துக்காட்டாக, எண் கிடைக்கும்போது மகளுக்கு 21 வயது 7 மாதம், ஐ-140 பரிசீலனையில் 9 மாதம் இருந்தது என்றால், கணக்கு வயது 20 வருடம் 10 மாதம். தப்பித்தாள். அதே ஐ-140 பிரீமியத்தில் மூன்று வாரத்தில் முடிந்திருந்தால் தப்பியிருக்க மாட்டாள். கேள்வி 7இல் எச்சரித்தது இதைத்தான்.

வரிசையில் நின்ற வருடங்கள் கழிவதில்லை, பெர்ம் எடுத்துக்கொண்ட காலமும் கழிவதில்லை. எந்த அட்டவணைப்படி "எண் கிடைத்தது" என்று கொள்வது என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது: 2023 பிப்ரவரி முதல் தாக்கல் தேதியையும் கணக்கில் எடுத்த யுஎஸ்சிஐஎஸ், 2025 ஆகஸ்டு 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு இறுதி நடவடிக்கைத் தேதிக்கே திரும்பிவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்கை வருடம் ஒருமுறையாவது போட்டுப் பார்த்து, தேறாது என்று தெரிந்தால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். (எஃப்-1 என்ற பெயர் மாணவர் விசாவுக்கும், கேள்வி 1இல் சொன்ன குடும்பப் பிரிவுக்கும் பொது, இரண்டுக்கும் தொடர்பில்லை.)

13. அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு போடலாமா?

நீங்கள் 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் போடலாம். கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் முடியாது. வரிசை இல்லை, பரிசீலனைக் காலம் மட்டுமே. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எனத் தனித்தனி ஐ-130 வேண்டும். அவர்களோடு உங்கள் தம்பியையும் சேர்த்துக்கொள்ள இயலாது. வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருப்பதைக் காட்டி ஐ-864 என்ற பொறுப்பேற்புப் பத்திரம் தர வேண்டும். சுற்றுலா விசாவுக்குச் சென்னைக்குப் போய்ப் பழகிய பெற்றோருக்கு, குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் என்பதை முன்பே சொல்லிவைப்பது நல்லது.

சுற்றுலா விசாவில் வந்த பிறகு இங்கேயே போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். முறையாக உள்ளே வந்த பெற்றோர் இங்கிருந்தே ஐ-485 போட முடியும். ஆனால் தங்கிவிடும் எண்ணத்தை மறைத்துக்கொண்டு சுற்றுலா என்று சொல்லி வருவது பொய்யுரையாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. தங்குவதுதான் திட்டம் என்றால் நேர்வழியே பாதுகாப்பு.

14. அக்கா சிட்டிசன். எனக்குப் போட்டால் எப்போது கிடைக்கும்?

எஃப்-4 பிரிவு. 2025இன் இறுதியில் இந்தியர்களுக்கு 2006இல் தாக்கலான மனுக்களே முறைக்கு வந்திருந்தன. இன்று போட்டால் இதைவிட நீளலாம். ஒரு கட்டணத்தோடு முடிகிற காரியம் என்பதால் போட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். அதோடு, பின்னாளில் சுற்றுலா விசா கேட்கும்போது "உங்களுக்காகக் குடியேற்ற மனு எப்போதாவது தாக்கலானதா" என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

15. நான் கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். மகனுக்கு மனுப்போட்டிருக்கிறேன், பெண் பார்த்துவிட்டோம். கல்யாணம் செய்யலாமா?

தயவுசெய்து நிச்சயதார்த்தத்துக்கு முன் இதைப் படியுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மணமான பிள்ளைக்கு எந்தப் பிரிவும் இல்லை. தாலி கட்டிய அன்றே அந்த மனு தானாக ரத்தாகிவிடும், தேதியும் போய்விடும். நீங்கள் முதலில் குடியுரிமை பெற்று, பிறகு அவர் மணம் செய்தால் மனு உயிரோடு எஃப்-3 பிரிவுக்கு மாறும். காத்திருப்பு கூடும், ஆனால் தேதி நிலைக்கும். முகூர்த்தத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டு இதைக் காப்பாற்றிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

16. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர். சிக்கல் வருமா?

தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயராக ஏறி, முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும்; பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். இவை தடையல்ல, ஆனால் எல்லாப் படிவங்களிலும் "பயன்படுத்திய பிற பெயர்கள்" பகுதியில் ஒவ்வொரு வடிவத்தையும் எழுத வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் இன்னும் கவனம் கேட்கும். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். ஊரில் பதிவாளரிடம் பெயரைச் சேர்த்து வாங்க வேண்டும். என் சான்றிதழில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. "ழ"வுக்கு ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதம், இன்னொருவர் இன்னொருவிதம் எழுதியதால் வந்தது. அதற்காக ஆர்எஃப்இ எனப்படும் கூடுதல் ஆதாரக் கடிதம் வந்து, மாமாவும் பெரியம்மாவும் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. பதிவே இல்லாதவர்கள் "பதிவு இல்லை" என்ற சான்றையும், பிறப்பை அறிந்த மூத்த உறவினர்களின் பிரமாணப் பத்திரங்களையும், பள்ளிச் சான்றையும் சேர்த்துத் தரலாம். தமிழில் உள்ள ஆவணத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். வரிசையில் நிற்கும் வருடங்களில் செய்து முடிக்க வேண்டிய வேலை இதுதான். தேதி வந்த மாதத்தில் ஊருக்கு ஆளனுப்பிப் பயனில்லை.

17. ஐ-485 போட்டாயிற்று. பாட்டி உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகலாமா?

செல்லுபடியாகும் எச்-1பி அல்லது (அவரைச் சார்ந்த துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரிய) எச்-4 விசா நிலையில் இருந்து, அதிலேயே திரும்பி வருவதாக இருந்தால் போகலாம். இல்லையென்றால் அட்வான்ஸ் பரோல் எனப்படும் பயண அனுமதி கைக்கு வந்த பிறகே விமானம் ஏற வேண்டும். முன்பே கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும். ஆகவே ஐ-485 போடும்போதே, அவசரம் வரும் வரை காத்திராமல், பயண அனுமதிக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள்.

18. அண்ணன் 2008இல் எனக்கு எஃப்-4 போட்டிருக்கிறார். கம்பெனி இப்போது ஈபி-2 போடுகிறது. 2008 தேதியை அதற்குக் கொண்டுவரலாமா?

முடியாது. ஒரு வேலைவழி மனுவின் தேதி இன்னொரு வேலைவழி மனுவுக்கு வரும் (கேள்வி 8, 10). குடும்பத் தேதி வேலை வழிக்கு வராது. ஆனால் இரண்டு வரிசைகளிலும் ஒரே நேரத்தில் நிற்க எந்தத் தடையும் இல்லை. 2006 வரை வந்துவிட்ட எஃப்-4 வரிசையில் 2008 என்பது நல்ல இடம். இப்போது தொடங்கும் ஈபி-2ஐவிட அண்ணனின் மனுவே முந்தலாம். அந்தப் பழைய ஐ-130 கடிதத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ள முகவரியும் மின்னஞ்சலும் இன்றும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். தேசிய விசா மையத்தின் அழைப்பு வந்து, ஒரு வருடத்துக்குப் பதிலளிக்காமல் விட்டால் மனுவே ரத்தாகும் நடைமுறை உண்டு.